இயற்கை உரம் போடும் மண்ணில் பிஎச் பார்ப்பது எப்படி? ஒரு கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் மொட்டை மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, மாதம் ஒருமுறை பஞ்சகவ்யம் என்று எதிலும் நான் குறை வைத்ததில்லை. அப்படியும் போன கோடையில் கொழுந்து வெளிறத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு இடையில் எல்லாம் எலுமிச்சை மஞ்சள். பக்கத்து வீட்டு அக்கா, "புளிச்ச மோர் ஊத்துங்க, சரியாயிடும்" என்றார். ஊற்றினேன். பத்து நாள் தேறின மாதிரி இருந்தது, அப்புறம் பழைய கதைதான். சத்துக் குறைவு போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு கை மண்புழு உரம் போட்டேன். போதாக்குறைக்கு ஊரிலிருந்து வந்த விறகடுப்புச் சாம்பலையும் ஒரு கரண்டி தூவினேன். செடி இன்னும் மோசமானது.

கடைசியில் மண்ணை முறையாகக் கரைத்து அளந்தபோது பிஎச், அதாவது மண் அமிலமா காரமா என்று காட்டும் எண், 8.3. இரும்புச் சத்து தொட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அந்த அளவு காரத்தில் அது கரையாது, வேருக்குக் கிடைக்காது. அதன்மேல் நான் சாம்பலைப் போட்டிருக்கிறேன். மரச் சாம்பலின் பிஎச் 10-க்கு மேல். வியாதியையே மருந்தாகக் கொடுத்த கதை.

அளக்கத் தெரிந்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அளக்கும் முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

எண்ணுக்கு என்ன அர்த்தம்

பிஎச் என்ற அளவுகோலை 1909-இல் கோபன்ஹேகனில் சோரன்சென் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தார். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் பலர் கவனிக்காதது, ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பது. 7.4-க்கும் 8.4-க்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் காரம் பத்து மடங்கு ஏறியிருக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை எல்லாம் 6-லிருந்து 7 வரை சுகமாக இருக்கும், 7.5 வரை சமாளிக்கும். 7.5-க்கு மேலே போகப் போக இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை மண்ணோடு மண்ணாகப் பூட்டிக்கொள்ளும். 5.5-க்குக் கீழே போனால் வேறு தொல்லை: மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) சிக்கிக்கொள்ளும். ஊட்டியில் ஹைட்ராஞ்சியா பூ நீலமாகப் பூப்பதும் இதே அலுமினியத்தால்தான். கார மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவே பிஎச் மீட்டராக வேலை பார்க்கிறது.

"இயற்கை உரம்தானே போடுகிறோம், பிஎச் தானாகச் சரியாகிவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. மக்கிய உரம் மண்ணின் பிஎச் சட்டென்று ஏறாமல் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும். ஆனால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தாலோ, ஊற்றும் தண்ணீர் கடினமாக இருந்தாலோ, எவ்வளவு மண்புழு உரம் போட்டாலும் அதை மீற முடியாது. கோவை, திருப்பூர்ப் பக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வரும் இடங்கள் நிறைய. அந்த மண் 8-ஐத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். நீலகிரியில் நேரெதிர்: மழை சுண்ணாம்பையெல்லாம் கழுவிக் கொண்டுபோய்விட்டதால் 5 சுற்றித்தான் வரும். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும்.

எப்போது மண் எடுக்க வேண்டும்

இயற்கை உரம் போடுகிறவர்கள் தப்பு செய்யும் இடம் இதுதான். கடலைப்புண்ணாக்கோ வேப்பம்புண்ணாக்கோ போட்டு நான்கைந்து நாளில் அளந்தால் பிஎச் ஏறியிருக்கும். புண்ணாக்கு அழுகும்போது முதலில் அமோனியா வெளியாகும், அது காரம். அப்புறம் நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் சுரக்கும், பிஎச் இறங்கும். ஆக, ஒரே தொட்டி ஒரே மாதத்தில் இரண்டு விதமாகப் பேசும். எந்த உரம் போட்டாலும் மூன்று, நான்கு வாரம் கழித்து அளப்பதே சரி. ஜீவாமிர்தம், மீன் அமிலம் மாதிரி திரவம் ஊற்றினால் ஒரு வாரமாவது போகட்டும்.

புதிதாகத் தொட்டி நிரப்புகிறவர்கள் உரம் கலப்பதற்கு முன்னால் மண்ணைத் தனியாக ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதால், 8.3 என்பது மண்ணோடு வந்ததா, தண்ணீரோடு வந்ததா என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டேன்.

மண் மாதிரி எடுப்பது

தொட்டி என்றால் மேல் மண்ணைத் தொடாதீர்கள். அங்கே வெள்ளையாகப் பூத்திருப்பது தண்ணீர் ஆவியானதும் மிஞ்சிய உப்பும் சுண்ணாம்பும். அதை அளந்தால் எண் பொய் சொல்லும். இரண்டு அங்குலம் விலக்கிவிட்டு, விரல் நீளத்துக்குக் கீழே, வேர் இருக்கும் ஆழத்தில் மூன்று இடத்தில் ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கலந்தால் போதும். ஒரே கலவையில் பத்துத் தொட்டி நிரப்பியிருந்தாலும் நன்றாக வளரும் தொட்டியிலிருந்து ஒன்று, வாடும் தொட்டியிலிருந்து ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் வித்தியாசமே தெரியாமல் போகும்.

நிலம் என்றால் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்பு ஓரம், வாய்க்கால், மர நிழல், எருக்குழி பக்கம் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்கு பாகமாகக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம்.

எடுத்த மண்ணைச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கட்டியை மரக்கட்டையால் தட்டி உடைத்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளலாம்.

எந்தக் கருவி

நானும் முதலில் வாங்கியது ஈரம், வெளிச்சம், பிஎச் என்று மூன்றையும் காட்டும் குச்சி மீட்டர்தான். பேட்டரி கிடையாது, இரண்டு உலோகக் குச்சி, மேலே முள். காலையில் தண்ணீர் ஊற்றியதும் குத்தினால் ஓர் எண், சாயங்காலம் காய்ந்ததும் அதே ஓட்டையில் குத்தினால் வேறோர் எண். இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓடும் மின்சாரத்தைத்தான் அது காட்டுகிறது. ஈரமும் உப்பும் மாறினால் முள்ளும் மாறும். போதாததற்கு இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலும் அளவு 8-உடன் முடிந்துவிடுகிறது. சுக்கான் மண்காரனுக்கு அதற்கு மேலேதான் விஷயமே இருக்கிறது. ஈரம் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச் தாள் மோசமில்லை. ஆனால் சேற்றுத் தண்ணீரில் நனைத்தால் மண்ணின் நிறம் தாளில் ஏறி எதையும் படிக்க முடியாது. கரைசலைத் தெளியவிட்டு, காபி ஃபில்டரில் பிளாட்டிங் பேப்பர் போட்டு வடித்துவிட்டு நனைக்க வேண்டும். 1-லிருந்து 14 வரை காட்டும் தாளைவிட, 5.5-லிருந்து 9 வரை மாதிரி குறுகிய அளவு காட்டும் தாள் கிடைத்தால் நல்லது.

பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு நிறம் பார்த்தது நினைவிருக்கிறதா? அமிலத்தில் அடர்சிவப்பு, காரத்தில் பச்சை. வடித்த மண் கரைசலில் அந்தச் சாற்றைச் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். எண் தெரியாது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தோராயமாகத் தெரியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

என் ஓட்டு, கண்ணாடிக் குமிழ் உள்ள பேனா மீட்டருக்குத்தான். கூடவே பஃபர் (மீட்டரைச் சரிசெய்ய உதவும், பிஎச் முன்கூட்டியே தெரிந்த கரைசல்) பொடிப் பொட்டலங்கள் வரும், பெரும்பாலும் 4.00, 6.86, 9.18 என்று மூன்று. அந்தப் பொட்டலங்களைப் பிரிக்காமலே மீட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் குச்சி மீட்டரே வைத்திருக்கலாம்.

அளக்கும் முறை

1. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு டிஸ்டில்ட் வாட்டரில் பஃபர் பொடியைக் கரையுங்கள். முதலில் 6.86 கரைசலில் மீட்டரைச் சரிசெய்து, அப்புறம் உங்கள் மண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கப் பஃபரில் சரிசெய்யுங்கள். கரிசலும் சுக்கானும் உள்ள ஊர் என்றால் 9.18, மலைப்பகுதி என்றால் 4.00.

2. சலித்த மண் 20 கிராம், டிஸ்டில்ட் வாட்டர் 50 மில்லி. நம் மண் பரிசோதனை நிலையங்களில் பின்பற்றும் 1-க்கு 2.5 விகிதம் இது. பின்னால் அவர்களின் அறிக்கையோடு ஒப்பிட வசதி. தேங்காய் நார்க் கழிவு அதிகம் கலந்த மாடித்தோட்ட மண் என்றால் 50 மில்லியையும் உறிஞ்சிக்கொண்டு களியாக நிற்கும். அப்போது 1-க்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விகிதம் எடுத்தீர்களோ அதைக் குறித்துவைத்து, அடுத்த முறையும் அதையே எடுக்க வேண்டும்.

3. அரை மணி நேரம் விடுங்கள். நடுநடுவே கலக்கிவிடுங்கள்.

4. அளக்கும் முன் இன்னொரு முறை கலக்கி, குமிழ் அடி மண்ணில் உரசாதபடி கலங்கல் தண்ணீரில் முக்கிப் பிடியுங்கள். எண் அலைபாயும், ஒரு நிமிடம் பொறுத்தால் நிற்கும்.

5. கழுவிவிட்டு, அதே மண்ணில் இன்னொரு டம்ளர் கரைத்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, முதலிலிருந்து செய்யுங்கள்.

டிஸ்டில்ட் வாட்டருக்கு எங்கேயும் அலைய வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரே போதும், ஆசிட் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். ஆர்ஓ தண்ணீரும் பரவாயில்லை. போர் தண்ணீரில் மட்டும் கரைக்காதீர்கள். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற கார உப்பு எண்ணை ஏற்றிவிடும், நீங்கள் அளப்பது மண்ணையா தண்ணீரையா என்றே தெரியாது.

பஃபர் தீர்ந்துபோனால் சமையலறையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆப்பசோடாவை டிஸ்டில்ட் வாட்டரில் அப்போதைக்கப்போது கரைத்தால் 8.3 சுற்றி வரும், கொஞ்சம் கூடக்குறையப் போட்டாலும் பெரிதாக மாறாது. மீட்டர் அதில் 7.5 காட்டினால் அதை நம்பாதீர்கள். வேலை முடிந்ததும் குமிழை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவிட்டு வைக்காதீர்கள், குமிழ் சீக்கிரம் கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசல் என்று தனியாக விற்கிறார்கள், மூடியில் இரண்டு சொட்டு விட்டு மூடி வைத்தால் போதும்.

தண்ணீரையும் பாருங்கள்

எங்கள் வீட்டில் குடிக்கச் சிறுவாணி, செடிக்குப் போர் தண்ணீர். கறிவேப்பிலைக்கு வில்லன் யார் என்று தெரிந்தது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லி கிராம் பைகார்பனேட் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீருக்கு இது அதிசயமான அளவே இல்லை. அதன் அமிலம் முறிக்கும் சக்தி லிட்டருக்குக் கால் கிராம் சுண்ணாம்புக்கு, அதாவது கால்சியம் கார்பனேட்டுக்கு, சமம். ஒரு தொட்டிக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 200 நாள் ஊற்றினால் 400 லிட்டர். அதாவது 100 கிராம் சுண்ணாம்பு. பத்துக் கிலோ மண் உள்ள தொட்டியில் அது நூற்றுக்கு ஒரு பங்கு! கொஞ்சம் அடித்துளை வழியே போய்விடும் என்றாலும், ஆறு மாதத்தில் நம் கையாலேயே சுக்கான் மண் தயாரிக்கிறோம் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

தண்ணீரின் பிஎச்சை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். போரிலிருந்து வந்த உடனே அளந்தால் 7.2 காட்டும், வாளியில் இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 8-ஐ நெருங்கும். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் பைகார்பனேட் எவ்வளவு என்று பாருங்கள். அறிக்கை இல்லையென்றால் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

உரங்களையும் 1-க்கு 5 கரைத்து ஒருமுறை அளந்து வையுங்கள். நல்ல மண்புழு உரம் 7-ஐ ஒட்டி வரும். நார்க் கழிவு 6 பக்கம். புளித்த மோரும் மீன் அமிலமும் 4-5. பச்சைச் சாணமும் கோழி எருவும் 7-க்கு மேலே. சாம்பலைப் பற்றி ஏற்கெனவே அழுதுவிட்டேன்.

எண் வந்தாகிவிட்டது, அடுத்து என்ன

6-லிருந்து 7.5-க்குள் என்றால் எதையும் தொடாதீர்கள். செடி வாடுகிறதென்றால் காரணம் வேறெங்கோ. அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்), கொழுந்து மஞ்சளானால் இரும்பு என்று தொடங்கித் தேடுங்கள்.

5.5-க்குக் கீழே என்றால் டோலமைட் அல்லது வேளாண் சுண்ணாம்புத் தூள். பத்துக் கிலோ மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, ஒரு மாதம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். சாம்பல் பயன்படும் இடமும் இதுதான், அளவாக. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம், வேரைச் சுட்டுவிடும்.

7.5-லிருந்து 8.4 வரை என்றால் முதலில் ஒரு சின்னச் சோதனை. உலர்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து, அதில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள். நுரைத்துச் 'சுர்ர்' என்றால் சுண்ணாம்பு இருக்கிறது. (முட்டை ஓடு நொறுக்கிப் போடும் வீடுகளில் அந்தத் துண்டுகளும் நுரைக்கும். பொறுக்கிவிட்டுச் சோதியுங்கள், என்னை ஒருமுறை நன்றாகப் பயமுறுத்தியது.)

நுரைக்கவில்லை என்றால் கந்தகத் தூள் கைகொடுக்கும். மண்ணிலுள்ள பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் சில வாரங்களில் தொடங்கி மாதக்கணக்கில் வேலை நடக்கும். நுரைத்தது என்றால் கந்தகத்தை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். 100 கிராம் சுண்ணாம்பை முறிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு உள்ள பத்துக் கிலோ தொட்டிக்கே இவ்வளவு, அது தீரும்வரை பிஎச் அசையாது. ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் டன் கணக்கில் போகும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மோர் பத்து நாள் மட்டும் வேலை செய்ததற்கும் காரணம் இருக்கிறது. மோரிலுள்ள லாக்டிக் அமிலம் வேருக்குப் பக்கத்தில் பிஎச்சைச் சற்றே இறக்கி இரும்பைக் கரைத்துக் கொடுக்கும். ஆனால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும், சுண்ணாம்பு அப்படியே இருக்கும். அக்கா சொன்னது தப்பில்லை, முதலுதவி அது.

சுண்ணாம்பு மண்ணில் எனக்குப் பலித்தது, எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டுச் செடிக்கு வழி பண்ணியது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தேன். வடகிழக்குப் பருவமழையில் ஒரு டிரம் நிரம்பினால் ஒன்றிரண்டு தொட்டிக்கு நிறைய நாள் வரும். மண்ணில் பாதியை எடுத்துவிட்டு நார்க் கழிவும் மக்கிய தொழு உரமும் நிரப்பினேன். இலை பச்சையாகும்வரை அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலத்தில் இலையில் தெளித்தேன். முதலில் இரண்டு கிளையில் தெளித்து, கருகவில்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இலையைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் பெற்ற பண்ணை என்றால் இதைத் தெளிக்கும் முன் சான்று தரும் அமைப்பிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

8.5-க்கு மேலே வந்தால் அது வேறு வியாதி. சுண்ணாம்பு மட்டுமே பிஎச்சை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகாது. சோடியம் சேர்ந்திருக்கிறது, களர் மண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை. ஜிப்சம் வேலை செய்வது இங்கேதான். "பிஎச் குறைய ஜிப்சம் போடுங்க" என்று பொதுவாகச் சொல்வார்கள், சுண்ணாம்பினால் ஏறிய பிஎச்சுக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை. தொட்டி என்றால் மண்ணைக் கொட்டிவிட்டு வேறு மண் நிரப்புங்கள். நிலம் என்றால் வீட்டு மீட்டரை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து, ஜிப்சம் எவ்வளவு தேவை என்று எழுதி வாங்குங்கள். வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, தண்ணீர் தேக்கி வடித்து, அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது வழக்கமான வரிசை.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பிஎச், உப்பின் அளவு, கரிமச் சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம் என்று பன்னிரண்டு விவரம் வரும். அதில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனையும் பிஎச்சோடு சேர்த்துப் படியுங்கள். அது 1-க்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலையில்லை.

என் தொட்டி இப்போது 7.6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உரம் போட்டு நான்கு வாரம் கழித்து, அதே 1-க்கு 5 விகிதத்தில் அளந்து, காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். கொழுந்து பச்சையாக வருகிறது. மீதிச் சாம்பல் இன்னும் மூட்டையில் இருக்கிறது, பாத்திரம் தேய்க்க.